குன்றின் கணக்கும் துறையின் சொல்லும்

"பனிப்பாறைகள் உருகுவதால் கடல்மட்டம் உயர்கிறது" என்ற தொடரை நாளேடுகளிலும் பாடநூல்களிலும் பலமுறை படித்திருப்போம். மொழியியல் பயின்றவர்களுக்கு உரிய நோய் எனக்கும் உண்டு. பொருளுக்குப் போகுமுன் சொல்லில் கால் இடறிவிடும். டைட்டானிக் கப்பல் மோதியதைப் பனிப்பாறை என்கிறோம். கங்கை பிறக்கும் கங்கோத்ரியில் இருப்பதையும் பனிப்பாறை என்கிறோம். முன்னது கடலில் மிதப்பது. பின்னது மலைமேல் ஆண்டுக்கணக்கில் படிந்து, தன் எடையாலேயே இறுகி, மிக மெதுவாகச் சரிவில் நகர்வது. மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் ஏறக்குறைய உயர்வதே இல்லை. குவளை நீரில் மிதக்கும் ஐஸ் கட்டி கரைந்தால் நீர் வழிவதில்லை என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். நிலத்தின்மேல் தங்கிய பனி உருகிக் கடலைச் சேரும்போதுதான் மட்டம் உயரும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் காரணத்துக்கும் விளைவுக்கும் இடையிலுள்ள தொடர்பே கேட்பவருக்குப் புலப்படாமற் போகிறது.

எனவே நிலத்தின்மேல் நகரும் பனியை இப்பதிவில் பனியாறு என்றே எழுதுகிறேன். மலையாளத்தில் இதற்கு ஹிமானி என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. அம்மொழியில் 'பனி' என்றால் காய்ச்சல். 'காய்ச்சல் உருகுகிறது' என்று எழுத இயலாது அல்லவா! குளிர், நடுக்கம், காய்ச்சல் என்று ஒரு திராவிடச் சொல் கிளைவிட்ட கதை அது. தனியாக எழுத வேண்டியது.

நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகை மட்டுமே வடக்கே உள்ள திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு பனியாற்றைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. பனியாற்று ஆய்வின் தொடக்ககால வரலாற்றில் இந்த நகரத்துக்கு யாரும் எதிர்பாராத ஓர் இடம் இருக்கிறது. அது நகரின் நடுவிலுள்ள ஒரு குன்றின்மேல் நிகழ்ந்தது. அந்தப் பனி உருகி வரும் நீரின் கணக்கு இப்போது தீர்க்கப்படுவதோ, அக்குன்றிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடற்கரையில். குன்றுக்கும் கரைக்கும் இடையில் என்ன நேர்ந்தது, எது எழுதிவைக்கப்பட்டது, எது விடுபட்டது என்பதே இங்கு என் கேள்வி.

முதலில் குன்று. கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த இடத்தில் 1837இல் திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் ஒரு வானிலையத்தை நிறுவினார். கீர்த்தனைகளால் நாம் அறிந்த அரசர்தான். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவர்; வானியலில் தானே தேறியவர். கருவிகள் வாங்க ஐரோப்பா வரை போய் வந்தார். விண்மீன்களைப் பார்ப்பதோடு காற்றழுத்தம், வெப்பம், காந்தப்புலம் ஆகியவற்றையும் முறையாகக் குறித்துவைக்கத் தொடங்கினார். 1849இல் இங்கேயே இறந்தார்.

அவர் செய்தவற்றுள் ஒன்றுதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. 1842 மே முதல் 1845 டிசம்பர் வரை, தரைக்குள் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்துவைத்து நிலத்தின் வெப்பத்தை அவர் அளந்தார். அவ்வளவீடுகள் எடின்பரோ அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. அவர் எடின்பரோவை நாடியதற்குக் காரணம் இருந்தது. அந்நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ் அங்கே மூன்று இடங்களில் இதே வகைச் சோதனையை 1837இலேயே தொடங்கியிருந்தார்.

வெப்பமானியைப் புதைப்பது ஏன்? நிலத்தின் மேற்பரப்பில் பகலும் இரவும் மாறிமாறி வெப்பத்தை ஏற்றி இறக்கும். சில அடி ஆழம் போனால் அந்த அன்றாட ஏற்றத்தாழ்வு மறைந்து பருவத்தின் ஏற்றத்தாழ்வு மட்டும் தெரியும். இன்னும் ஆழம் போனால் பருவமும் மங்கிவிடும். மிக நீண்டகால மாற்றம் மட்டுமே எஞ்சும். ஆழ்துளைகளில் வெப்பத்தை அளந்து சென்ற சில நூற்றாண்டுகளின் காலநிலையை மீட்டறியும் இன்றைய முறைக்கும் அடிப்படை இதுவே. நிலம் காலத்தை வடிகட்டுகிறது என்று கொள்ளலாம். கால்டிகாட்டுக்குப் புவி வெப்பமாதல் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை. ஆனால் வெப்பமண்டலத்து மண் ஒன்று இவ்வளவு பொறுமையாகக் கேள்வி கேட்கப்பட்டது அக்காலத்தில் அரிது.

இனி அந்த ஃபோர்ப்ஸ் யாரென்று பார்ப்போம். திருவனந்தபுரத்தில் வெப்பமானிகள் வேலையைத் தொடங்கிய அதே 1842ஆம் ஆண்டுக் கோடையில், அவர் ஆல்ப்ஸ் மலையில் சாமொனிப் பள்ளத்தாக்குக்கு மேலுள்ள மேர் த கிளாஸ் என்னும் பனியாற்றில் கோணமானியோடு நின்றுகொண்டிருந்தார். பனியில் குறிகள் நட்டு, அவை எவ்வளவு நகர்கின்றன என்று நாள்தோறும் அளந்தார். பனியாறு இரவிலும் பகலிலும் ஓயாது நகர்கிறது, ஓரங்களைவிட நடுப்பகுதி விரைவாக நகர்கிறது என்று கண்டார். ஆற்றுநீர் ஓடுவதும் அப்படித்தான். அதிலிருந்தே பனியாறு பாகுபோல் ஒழுகுகிறது என்ற கொள்கையை அவர் முன்வைத்தார். பெயரில் 'ஆறு' என்பது வெறும் உவமை இல்லை என்று நிறுவியவர்களுள் அவர் முதன்மையானவர்.

இக்கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர் ஜான் டிண்டால். இருவருக்கும், பிறகு இருவரின் ஆதரவாளர்களுக்கும் இடையில் பல்லாண்டுகள் நீடித்த சச்சரவு அது. யார் முதலில் கண்டது என்ற வழக்கும் அதில் சேர்ந்துகொண்டது. அறிவியலாளர்களின் சண்டையைப் படிக்கும் போதெல்லாம் நம் தமிழ்ப்புலவர்களின் பாடபேதச் சண்டைகள் எவ்வளவோ மேல் என்று தோன்றும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1859இல் ஆய்வகத்தில் வாயுக்களின் வழியே வெப்பக்கதிரைச் செலுத்திப் பார்த்து, நீராவியும் கரியமில வாயுவும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றன என்று அளந்து காட்டியவர் அதே டிண்டால். அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண் 1856இலேயே எளிய கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு கரியமில வாயு வெயிலில் அதிகமாகச் சூடேறுவதைக் காட்டியிருந்தார். அவருக்குரிய பெயர் மிகப் பிந்தியே கிடைத்தது. ஆக, பனியாறு எப்படி நகர்கிறது என்று சண்டையிட்ட இருவரில் ஒருவர் வழியாகப் பனியாறுகள் ஏன் அழியும் என்பதற்கான விடையும் வந்துசேர்ந்தது. அன்று அதை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

ஃபோர்ப்ஸுக்கும் திருவனந்தபுரத்துக்கும் உள்ள தொடர்பு கால்டிகாட்டோடு முடியவில்லை. 1852இல் இந்த வானிலையத்தின் பொறுப்பை ஏற்ற ஜான் ஆலன் பிரௌன் எடின்பரோவில் ஃபோர்ப்ஸின் நட்பைப் பெற்றவர். அவர் பரிந்துரையின்பேரில் ஸ்காட்லாந்தின் மேக்கர்ஸ்டவுன் காந்தநிலையத்தில் முன்பு பணியாற்றியவர். பிரௌன் காலத்தில் அளவீடுகள் மணிக்கொருமுறை எடுக்கப்பட்டன. அதோடு நில்லாமல், உயரத்தில் காற்றழுத்தமும் காந்தப்புலமும் எப்படி மாறுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அகத்தியர் மலையின் உச்சியில் 1855இல் இன்னொரு நிலையத்தைக் கட்டினார். 1,868 மீட்டர் உயரமுள்ள சிகரம் அது. யானைக்காட்டின் வழியே கருவிகளைத் தலைச்சுமையாக ஏற்றி, காற்றும் மழையும் ஓயாது அறையும் உச்சியில் ஆட்களை இருத்தி எண்களைக் குறிக்கச் செய்தார்.

நமக்கு அது பொதிகை. தமிழுக்கு இலக்கணம் செய்தவர் என்று மரபு போற்றும் முனிவரின் இருக்கை, தாமிரபரணியின் பிறப்பிடம். அங்கே ஒரு ஸ்காட்லாந்துக்காரர் காந்த ஊசியை வைத்து இரவெல்லாம் விளக்கெரித்தார் என்பதை நினைத்துப்பார்க்கவே விந்தையாக இருக்கிறது. அந்த விளக்கைக் காத்தவர்களும், மணிதோறும் எழுந்து எண்ணைக் குறித்தவர்களும் பெரும்பாலும் இவ்வூர்க்காரர்கள். அறிவியல் வரலாற்று நூல்கள் பிரௌனுக்குத் தரும் இடத்தில் பத்தில் ஒரு பங்கும் அவர்களுக்குத் தருவதில்லை.

வானிலையத்தை அளவுக்கு மீறிப் புகழ்வதும் எனக்கு உடன்பாடில்லை. அக்காலக் காந்த அளவீடுகளுக்குப் பின்னால் கப்பலோட்டத்தின் தேவையும் பேரரசின் நலனும் இருந்தன. அரசின் ஆர்வமும் ஒரே சீராக இல்லை. 1865இல் பிரௌன் ஊரைவிட்டுச் சென்றபின் பணிகள் சுருங்கின. ஆயினும் குன்றின்மேல் பதிவு செய்யும் பழக்கம் அறுபடவில்லை. இந்திய வானிலைத் துறையின் திருவனந்தபுரம் மையம் இன்றும் அக்குன்றில்தான் இயங்குகிறது. பல நகரங்களுக்கு வாய்க்காத பேறு இது.

கால்டிகாட்டின் காலத்துக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 285 பங்கு இருந்தது. இன்று 420ஐக் கடந்துவிட்டது. அந்தப் பழைய எண்ணைக் கால்டிகாட் அளக்கவில்லை. அண்டார்க்டிகாவின் பனிக்குள் அடைபட்ட காற்றுக்குமிழிகளைத் துளையிட்டு எடுத்து, நமக்கு நெருங்கிய காலத்தில் அளந்தார்கள். பனி, உலகின் மிகப் பழைய வானிலையம். ஆண்டுதோறும் ஓர் அடுக்காகப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. இப்போது உருகுவது நீர்ச்சேமிப்பு மட்டுமன்று, அந்தப் பதிவேடும் கூட. ஃபோர்ப்ஸ் குறி நட்ட மேர் த கிளாஸ் இன்று நூறு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்துவிட்டது. ஒருகாலத்தில் மேலிருந்து எளிதாக எட்டிய பனியை அடையப் பின்னாளில் பயணிகள் நூற்றுக்கணக்கான படிகள் இறங்க வேண்டிவந்தது.

உலகளவில் 2000 முதல் 2023 வரை பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 27,300 கோடி டன் பனியை இழந்தன என்று 2025இல் வெளிவந்த பன்னாட்டுக் கூட்டாய்வு கணக்கிட்டது. அதனால் மட்டும் கடல்மட்டம் 18 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கிரீன்லாந்து, அண்டார்க்டிகா ஆகியவற்றின் பெரும் பனிவிரிப்புகள் இக்கணக்கில் சேரவில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் 1901க்கும் 2018க்கும் இடையில் கடல் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 1971க்குப் பிந்திய உயர்வில் பாதி, சூடேறிய கடல்நீர் விரிவடைந்ததால் வந்தது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பனியாறுகளால், ஏறக்குறைய அதேயளவு பனிவிரிப்புகளால்.

20 சென்டிமீட்டர் என்றால் ஒரு சாண் உயரம். இதற்கா இவ்வளவு கூச்சல் என்று தோன்றும். ஆனால் சராசரி என்பதே ஏமாற்றக்கூடியது. குளியல் தொட்டியில் நீர் உயர்வதுபோல் கடல் எங்கும் ஒரே அளவில் உயர்வதில்லை. கிரீன்லாந்தைப் போன்ற பெரும் பனித்திணிவு தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அப்பனி உருகினால் இழுக்கும் ஆற்றல் குறைந்து, அருகிலுள்ள கடல் தாழ்கிறது. தொலைவிலுள்ள கடல்கள் சராசரியைவிட அதிகமாக உயர்கின்றன. துருவப் பனியிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் தமக்குக் கவலையில்லை என்று வெப்பமண்டலக் கரையினர் நினைத்தால், கணக்கு நேர் எதிராக இருக்கிறது. சிவன் திருமணத்துக்கு எல்லோரும் இமயத்தில் கூடியபோது வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது, சமன்செய்ய அகத்தியர் பொதிகைக்கு அனுப்பப்பட்டார் என்னும் புராணம் இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. நம் முன்னோர் புவியீர்ப்பை அறிந்திருந்தனர் என்று யாரும் இதை வாட்ஸாப்பில் சுற்றுக்கு விடவேண்டாம். எடை இடம்மாறினால் எங்கோ ஓரிடத்தில் நிலை பிறழும் என்ற உள்ளுணர்வு பழையது, அவ்வளவே.

இனிக் கரைக்கு வருவோம்.

வலியதுறையில் ஒரு கடற்பாலம் இருந்தது. கொச்சி பெருந்துறைமுகமாக வளரும் முன் திருவனந்தபுரத்தின் சரக்குப் போக்குவரத்துக்கு அதுவே வாயில். 19ஆம் நூற்றாண்டின் இரும்புப் பாலத்தின்மீது 1947இல் 'பண்டிட்' என்ற கப்பல் மோதியது; பாலம் உடைந்தது. அதற்கு மாற்றாக ஏறத்தாழ 700 அடி நீளக் கான்கிரீட் பாலம் 1956இல் எழுந்தது. கேரளம் பிறந்ததும், கன்னியாகுமரி பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்ததும் அதே ஆண்டில்தான். சரக்குக் கப்பல்கள் வருவது நின்றபின் பாலம் மீனவர்களுக்கு உரியதாயிற்று. மழைக்காலத்தில் கரையிலிருந்து வள்ளமிறக்க முடியாதபடி அலை எழும்போது, பாலத்தின் முனையிலிருந்து கடலில் இறங்கினார்கள். 2021 மே மாதம், டௌட்டே புயலை ஒட்டிய கடற்கொந்தளிப்பில் பாலம் சாய்ந்தது. சங்குமுகம் கடற்கரைச் சாலையும் அப்போது அறுந்து விழுந்தது. 2024 மார்ச்சில் பாலம் இரண்டாக முறிந்தது.

அந்தப் பாலத்தின் தூண்கள் ஏறக்குறைய 65 ஆண்டுகள் கடலில் நின்றன. ஒரு தூணில் அளவுகோல் வரைந்து, குன்றின்மேல் மணிதோறும் காற்றழுத்தம் குறித்ததுபோல் நாள்தோறும் ஒருவர் நீர்மட்டத்தையும் மணலின் உயரத்தையும் குறித்திருந்தால் இன்று நமக்கு என்னவெல்லாம் கிடைத்திருக்கும்! இக்கடற்பகுதிக்குக் கொச்சித் துறைமுகத்தில் 1939 முதல் எடுக்கப்பட்ட ஓதமட்டப் பதிவையே நாடவேண்டியிருக்கிறது. இந்தியாவின் நீண்டகாலப் பதிவுகளைக் கொண்டு கோவா கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கணக்கின்படி, 20ஆம் நூற்றாண்டில் நம் பகுதிக் கடல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.75 மில்லிமீட்டர் வரை உயர்ந்தது.

கரையில் அளவுகோல் இல்லை, சொல் இருந்தது. பூந்துறை, செறியதுறை, வலியதுறை என்று இக்கரையின் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். மாநில எல்லையைத் தாண்டித் தெற்கே போனால் மார்த்தாண்டன்துறை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, இரயுமன்துறை. எல்லைக்கோடு 1956இல் வந்தது; துறைகளின் வரிசை அதற்கு நெடுங்காலம் முந்தியது. மலையாளத்தில் 'வலிய' என்றால் பெரிய. தமிழ்க் காதுக்கு வலிமையுள்ள துறை என்றும் ஒலிக்கும். துறை என்பது வெறும் ஊரன்று. மரமும் வள்ளமும் கரையேறக்கூடிய இடம். அதற்கு மணற்பரப்பு வேண்டும். கரமடி என்னும் கரைவலையை இழுக்க இருபுறமும் ஆட்கள் நிற்க மணல் வேண்டும். மீன் உலர்த்த, வலை பழுதுபார்க்க, ஏலம் விட, பிள்ளைகள் பந்தாட, இறந்தவரைக் கொண்டுபோக எல்லாவற்றுக்கும் அந்த மணலே. மணல் போனபின் ஊர்ப்பெயர் துறை என்றே நிற்கும்; ஆனால் அங்கே துறை இராது. படகுகள் விழிஞத்துக்குப் போய்க் கட்டவேண்டும். கரமடி இழுத்த முதியவருக்குத் தொழில் இராது. பெண்கள் மீனெடுக்கப் பேருந்துக்குக் காசு கொடுக்கவேண்டும்.

இக்கரையின் சொற்களில் ஒன்று உலகப் பயணம் போயிருக்கிறது. காற்று இல்லை, மழை இல்லை, வானம் தெளிந்திருக்கிறது. ஆனால் கடல் ஓசையின்றி ஏறிவந்து வீட்டுக்குள் புகுந்துவிடும். கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். திருடனைப்போல் வருவதால் அப்பெயர். கல்வி கற்றோர் இதை நெடுநாள் பொருட்படுத்தவில்லை. 2005 மே மாதம் தென்மேற்குக் கரையில் பெரிய அளவில் நிகழ்ந்தபின், திருவனந்தபுரம் ஆக்குளத்திலுள்ள புவி அறிவியல் ஆய்வு மையத்தினர் இதை ஆராய்ந்தனர். பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் புயல்களில் பிறக்கும் நீண்ட அலைகள் சில நாட்கள் பயணம் செய்து இங்கே கரையேறுவதே கள்ளக்கடல் என்பது தெளிந்தது. உள்ளூர் வானத்தில் அறிகுறி இல்லாததன் காரணமும் அதுவே. 2012இல் யுனெஸ்கோ இச்சொல்லையே அறிவியற் கலைச்சொல்லாக ஏற்றது. 2024 மார்ச் 31 அன்று கேரளக் கரையெங்கும் கடல் ஏறியபோது அரசின் எச்சரிக்கைகளில் இடம்பெற்றதும் இதே சொல்.

ஒரு சொல்லுக்குள் இருந்தது என்ன என்று எண்ணிப்பாருங்கள். இது புயலலை அன்று, ஓதம் அன்று, பருவமழைக் கொந்தளிப்பும் அன்று. தனி வகை என்ற பாகுபாடு அதில் ஏற்கெனவே முடிந்திருந்தது. அறிவியல் செய்தது அதற்குக் காரணத்தைக் கண்டது. கடல் ஒரு சாண் உயர்ந்திருக்கும்போது இதே கள்ளக்கடல் முன்பு தொடாத வாசற்படியைத் தொடும். உருகிய பனியின் நீர் வலியதுறைக்குத் தனியாக வந்து கதவைத் தட்டுவதில்லை. கள்ளக்கடலின் தோளில் ஏறியும் புயலின் தோளில் ஏறியும் வருகிறது.

குன்றுக்கும் கரைக்கும் இடையிலுள்ள ஆறு கிலோமீட்டர் எவ்வளவு நீளமானது என்பதை 2017 நவம்பர் காட்டியது. நவம்பர் 29 அன்று கடலுக்குப் போனவர்கள் கரையில் இருக்கும்போது புயல் என்ற சொல்லைக் கேட்கவில்லை. குமரிமுனைக்கருகில் ஒரே நாளுக்குள் வலுவடைந்து, 30ஆம் தேதி ஒக்கி புயலாயிற்று. பூந்துறையிலும் விழிஞத்திலும், தெற்கே தூத்தூர் வட்டாரத் துறைகளிலும் வீடு தவறாமல் காத்திருந்தார்கள். ஒரே துறை வரிசை, இரண்டு அரசுகள், இரண்டு பட்டியல்கள். அவ்வளவு விரைவாக வலுக்கும் புயலை முன்கூட்டிச் சொல்வது அறிவியலுக்கே கடினம் என்பது உண்மை. சொல்லப்பட்டதும் 'தாழ்வு மண்டலம்', 'ஆழ்ந்த தாழ்வு மண்டலம்' என்ற மொழியில் இருந்தது. மொழி படிப்பவர்கள் இதை மொழிச்சிக்கலாகவும் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். மறுஆண்டு திருவனந்தபுரத்திலேயே புயல் எச்சரிக்கை மையம் அமைந்தது.

கரை கரைவதற்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு இங்கே இரண்டு பதில்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. 2015 டிசம்பரில் தொடங்கிய விழிஞம் துறைமுகக் கட்டுமானமே காரணம் என்றார்கள் கரைமக்கள். 2022 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையில் நடந்த போராட்டத்தில், கட்டுமானத்தை நிறுத்தி அறிவியல் ஆய்வு நடத்தவேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. காலநிலை மாற்றமும் புயல்களுமே காரணம் என்றது எதிர்த்தரப்பு. எனக்கு இரண்டாவது பதிலின்மேல் ஐயம் உண்டு. அது பொய் என்பதால் அன்று, வசதியானது என்பதால். மேர் த கிளாஸும் கிரீன்லாந்தும் குற்றவாளிக் கூண்டில் நின்றால் இழப்பீடு கேட்டு யாரிடம் போவது? மறுபுறம், துறைமுகம் இல்லாவிட்டால் கரை அப்படியே இருந்திருக்கும் என்பதும் சரியாகாது. 1990 முதல் 2018 வரையிலான நடுவண் அரசின் மதிப்பீட்டில் கேரளக் கடற்கரையின் ஏறத்தாழ 46 விழுக்காடு அரிப்புக்குள்ளானது. அதில் பெரும்பகுதி விழிஞத்துக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது.

இக்கரையில் மணல் இயல்பாகவே போய்வரும். தென்மேற்குப் பருவமழையின் அலைகள் அதைக் கடலுக்குள் இழுத்துச்செல்லும். மழை ஓய்ந்தபின் மெல்லிய அலைகள் திருப்பிக் கொண்டுவரும். கரையோரமாக நடக்கும் மணலின் பயணமும் உண்டு. அலைதடுப்புச் சுவர், தூண்டில் வளைவு, கருங்கல் மதில் ஆகிய ஒவ்வொன்றும் ஓரிடத்தைக் காத்து, அடுத்த இடத்தின் மணலைப் பிடித்துவைக்கும். இதன்மேல் கடல்மட்ட உயர்வு சேரும்போது, போன மணல் திரும்பிவரும் வாய்ப்பு ஆண்டுக்காண்டு குறையும். எந்தப் பங்கு எதனால் என்று பிரித்துச்சொல்லத் தொடக்க அளவு வேண்டும். கட்டுமானத்துக்கு முன், 1956க்கு முன், கல்மதிலுக்கு முன், கரை எங்கே இருந்தது?

அதற்கு ஓரளவு ஆவணங்கள் உண்டு. வார்டு, கானர் என்னும் இரு அதிகாரிகள் 1816க்கும் 1820க்கும் இடையில் திருவிதாங்கூரை அளந்து வரைந்த நிலப்படங்கள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய நிலவரித்திட்ட அளவைப் பதிவேடுகள் இருக்கின்றன. இவற்றோடு கரையில் அறுபதைக் கடந்தவர்களின் நினைவைச் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. முதல் வரிசைத் தெங்குகள் எங்கே நின்றன, குருசடி எந்த இடத்தில் இருந்தது, கரமடியின் கயிறு எத்தனை பாகம் மணலில் கிடந்தது, மணல்மேல் பந்தலிட்டுத் திருமணம் நடந்தது எந்த ஆண்டு வரை என்று கேட்டால், சொல்வார்கள். பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம், அளவுதான். ஒரு மூதாட்டி, ஒன்றன்பின் ஒன்றாகக் கடல் கொண்ட மூன்று வீட்டு வரிசைகளையும் குடும்பப் பெயர்களோடு வரிசை பிசகாமல் ஒப்பித்ததைக் கேட்டிருக்கிறேன்.

கேட்க வேண்டியவர்கள் இப்போது சிதறிக்கொண்டிருக்கிறார்கள். 2018இல் முட்டத்தறையில் 192 குடும்பங்களுக்கு அடுக்ககங்கள் கிடைத்தன. வலியதுறையில் சிமெண்ட் கிடங்கில் துணித்தடுப்புகளுக்கு இடையே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. வாடகைக்கு உள்ளூருக்குள் போனவர்களின் பிள்ளைகள் கடற்சொற்களை வீட்டில் மட்டும் கேட்டு வளர்கிறார்கள். சிலர் கேட்பதே இல்லை. பூந்துறையிலிருந்து சங்குமுகம் வரை நடந்து அச்சொற்களையும் இடங்களையும் பழைய அளவைப் படங்களின்மேல் குறிக்கும் வேலையைச் சில மாதங்களாகச் செய்துவருகிறேன். இக்கரையைச் சேர்ந்தவர்களோ, வீட்டுப் பெட்டியில் பழைய வரிரசீதும் கடற்கரையில் எடுத்த திருமணப் படங்களும் வைத்திருப்பவர்களோ இதைப் படித்தால் உட்பெட்டியில் எழுதுங்கள். படத்தில் பின்னணியில் ஒரு தென்னையோ பாலத்தின் ஒரு தூணோ தெரிந்தால்கூடப் போதும். ஆண்டு நினைவிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.